சிறகற்ற ஈயும் எலியின் கட்டியும்

டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் பழ ஈக்களின் பாரம்பரியக் குணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆர். பி. சர்மா என்பவர், சிறகு முளைக்காமலே வெளிவரும் ஒரு வகை ஈயைப் பற்றி 1973ஆம் ஆண்டில் சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். அந்த வமிசத்தில் சில ஈக்களுக்கு ஒரு சிறகு இல்லை. சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. மூன்றாண்டுகளுக்குப் பிறகு அவரும் வி. எல். சோப்ராவும் சேர்ந்து இந்த விகாரத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். சிறகில்லாதது என்ற அர்த்தத்தில் ‘விங்லெஸ்’ என்ற பெயர் அந்த மரபணுவுக்கு நிலைத்தது. 1982இல், இந்த ஈக்களோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடம் ஒன்றில், எலிகளுக்கு மார்பகக் கட்டியை உண்டாக்கும் வைரஸ் எலியின் மரபுப்பொருளில் எந்த இடத்தில் தன்னைச் செருகிக்கொள்கிறது என்று தேடிய ரூல் நூசேயும் ஹாரால்ட் வார்மஸும், அந்த இடத்தின் அருகே ஒரு மரபணுவைக் கண்டு, அதற்கு ‘இன்ட்–1’ என்று பெயரிட்டார்கள். ஈயின் சிறகைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் வேறு, எலியின் கட்டியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் வேறு. இரு சாராரும் தத்தம் பரிபாஷையில் தத்தம் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

1987இல் இரண்டு மரபணுக்களின் எழுத்து வரிசையும் ஒப்பிடப்பட்டபோதுதான், ஈயின் விங்லெஸ் என்பது எலியின் இன்ட்–1க்கு நேரான மரபணு என்பதும், பன்னெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு பொது மூதாதையிடமிருந்து இரண்டும் வழிவழியாக வந்தவை என்பதும் புலனாயின. பிறகு 1991இல் இத்துறையினர் கூடி, விங்லெஸ் என்பதன் தலையையும் இன்ட் என்பதன் உடலையும் இணைத்து ‘வின்ட்’ என்ற புதுப்பெயரைச் செய்து, இந்த மரபணுக் குடும்பம் முழுவதற்கும் அதைச் சூட்டினார்கள். கேட்பதற்கு எளிய கதைதான். ஆனால் கணிப்பொறிகளுக்கிடையே அறிவைப் பரிமாறிக்கொள்வது என்று இன்று நாம் பேசுகிற பெரிய விஷயத்தின் இடர்கள் யாவும் இந்த ஒரு கதைக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆகவே இதைவிட்டு அதிகம் விலகாமலே அவ்விஷயத்தை ஆராய முயல்கிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். முன்பு இன்ட்–1 என்றிருந்த இதே வின்ட்–1 மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிக் குட்டிகளுக்கு நடுமூளையும் சிறுமூளையும் சரியாக உருவாகவில்லை என்று 1990இல் கண்டார்கள். எலிக்கு ஏது சிறகு? ஒரு பிராணியில் நேர்ந்த கேட்டை வைத்து இடப்பட்ட பெயர், அந்த உறுப்பே இல்லாத மற்றொரு பிராணியில் பொருளற்றுப் போகிறது; ஆயினும் ஒரு செல் மற்றொரு செல்லுக்குச் செய்தி அனுப்புவது என்னும் மூலத் தொழில் இரண்டு பிராணிகளிலும் பொதுவாகவே நடக்கிறது. பெயரைப் பகிர்ந்துகொண்டால் போதாது, தொழிலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஒரே ஒரு மரபணுவுக்கு இந்தத் தெளிவைப் பெறவே பல ஆராய்ச்சியாளரின் உழைப்பு வேண்டியிருந்தது. 1996இல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் மரபுத்தொகுதி முழுவதும், அதாவது ஏறத்தாழ 6,000 மரபணுக்களும், வாசிக்கப்பட்டு முடிந்தபோது, அடுத்து வரப்போகும் ஈ, எலி, மனிதன் ஆகியோரின் மரபணுக்களையும் இப்படி ஒவ்வொன்றாகக் கூடிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவதற்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த நிர்ப்பந்தத்தில் பிறந்ததே ‘ஜீன் ஆன்டாலஜி’. 1998இல் பழ ஈயின் தரவுத்தளமாகிய ஃப்ளைபேஸும், ஈஸ்டின் தரவுத்தளமும், எலியின் தரவுத்தளமும் ஆகிய மூன்றும், தனித்தனி அகராதி வைத்துக்கொள்வதை விட்டு, ஒரே பொதுச் சொற்றொகுதியை ஆக்குவதென்று உடன்பட்டன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் ஆஷ்பர்னர் இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். ஆன்டாலஜி என்பது தத்துவ சாஸ்திரத்தில் ‘உள்ளது எது’ என்று விசாரிக்கும் பகுதியின் பெயர். கணிப்பொறித் துறையினர் அதைக் கடன் வாங்கி, ஒரு துறையில் எவையெவை உள்ளனவாகக் கொள்ளப்படுகின்றன, அவை ஒன்றோடொன்று எவ்வாறு சம்பந்தப்படுகின்றன என்பதை வெளிப்படையாக எழுதிவைக்கும் திட்டத்துக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். மூன்று தரவுத்தளத்தாரும் ஒரு மரபணுவைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளை மூன்றாக வகுத்தார்கள்: அதன் விளைபொருள் மூலக்கூறளவில் என்ன செய்கிறது, எந்த உயிர்ச் செயலில் பங்குகொள்கிறது, செல்லின் எந்தப் பகுதியில் அது நிகழ்கிறது என்பன அவை.

இனி, சொற்களை அடுக்கிய முறை. நம் இலக்கணத்தில் முதல் என்றும் சினை என்றும் பிரித்துப் பேசுகிறோம். மரம் முதல், கிளை சினை. மா என்பது மரத்தின் ஒரு வகை. கிளை என்பது மரத்தின் ஒரு வகை அன்று, உறுப்பு. இந்த வேறுபாட்டை நாம் யோசியாமலே உணர்கிறோம். கணிப்பொறிக்கு அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எனவே ‘இது அதன் வகை’ என்றும் ‘இது அதன் சினை’ என்றும் இருவேறு சம்பந்தங்களை ஜீன் ஆன்டாலஜியில் தொடக்கத்திலேயே வைத்தார்கள். மேலும், ஒரு சொல்லுக்கு ஒரே தாய்ச்சொல் என்ற மரவடிவத்தைக் கைவிட்டு, ஒரு சொல்லுக்குப் பல தாய்ச்சொற்கள் இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். உயிர்ச் செயல்கள் ஒரே கிளையில் அடங்கி உட்காருவனவல்ல.

வகுத்தபின் வந்த சோதனைகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அறிவுக்கு உருவம் கொடுப்பதென்பது எத்தகைய வேலை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கைட்டின் என்பது ஈ முதலிய பூச்சிகளின் புறத்தோட்டை உறுதியாக்கும் பொருள். ஆகையால் கைட்டின் உற்பத்தி என்ற செயலைப் புறத்தோடு உண்டாக்கும் செயலின் சினையாக அமைத்தால், ஈயைப் பற்றிய வரை யாதொரு பிழையும் இல்லை. ஈஸ்டின் தொகுப்பாசிரியர் வந்தார். ஈஸ்டும் கைட்டின் செய்கிறது, ஆனால் அதன் செல்சுவரில். அவர் தம் மரபணுவைக் கைட்டின் உற்பத்தியின் கீழே வைத்த அந்தக் கணமே, அடுக்கு வழியாக மேலேறும் கணிப்பொறி, ஈஸ்டுக்குப் புறத்தோடு உண்டு என்று கூசாமல் சொல்லிவிடும். யார் மீது குற்றம்? ஈயின் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. ஈஸ்டின் ஆசிரியரும் பொய் சொல்லவில்லை. இருவருடைய உண்மைகளும் சேர்ந்து ஒரு பொய்யை ஈன்றன. கைட்டின் உற்பத்தியைப் பொதுவில் வைத்து, புறத்தோட்டுக் கைட்டின், செல்சுவர்க் கைட்டின் என்று அதன் கீழே இரண்டாகப் பிரித்த பிறகே இந்தத் தோஷம் நீங்கியது. ஒரு சொல்லிலிருந்து உச்சி வரை செல்லும் ஒவ்வொரு பாதையும் மெய்யாக இருக்க வேண்டும் என்ற விதி இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து பிறந்தது. தனியே இருந்தபோது தெரியாத பிழை, பகிர்ந்துகொள்ள முற்பட்டபோதுதான் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் இடர் உண்டு. ஒரு சொல்லே பல பொருளைக் குறிப்பதற்கென்று நம் திவாகர நிகண்டு ‘ஒருசொற் பல்பொருள்’ என ஒரு தொகுதியே வைத்திருக்கிறது. உயிரியலிலும் அப்படித்தான். ‘வித்து உண்டாதல்’ என்று பாக்டீரியாவைப் பற்றியும் சொல்கிறார்கள், காளான் இனத்தைப் பற்றியும் சொல்கிறார்கள். பாக்டீரியா கொடிய காலத்தைக் கடந்து பிழைத்திருக்க அதைச் செய்கிறது, காளானோ இனத்தைப் பெருக்குவதற்காகச் செய்கிறது. ஆதலால் இன்ன உயிருக்குரிய அர்த்தத்தில் என்று அடைமொழி கொடுத்து இரண்டாக்க வேண்டியதாயிற்று. பெயர்களின் இந்தச் சஞ்சலத்தை அறிந்தே, ஒவ்வொரு கருத்துக்கும் பெயரோடு கூட அர்த்தமில்லாத ஓர் எண்ணையும் கொடுத்தார்கள். வின்ட் செய்திப் பாதைக்குரிய எண் 0016055. செல் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் செயலுக்குரிய 0006915 என்ற எண்ணின் பெயர் முன்பு ‘அப்போப்டோசிஸ்’ என்றிருந்தது, பிற்பாடு சிறிது மாற்றப்பட்டது. எண் மாறவில்லை, அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குறிப்புகளும் அசையவில்லை. கைவிடப்பட்ட கருத்தின் எண்ணையும் அழிப்பதில்லை. வழக்கொழிந்தது என்று குறித்து அப்படியே வைத்திருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்த அம்சம் வேறொன்று. இன்ன மரபணு இன்ன தொழிலைச் செய்கிறது என்று எழுதும் ஒவ்வொரு குறிப்போடும், அது எவ்வாறு அறியப்பட்டது என்பதற்கு ஒரு சங்கேதத்தையும் எழுதியாக வேண்டும் என்று அவர்கள் விதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நேராகச் சோதித்து அறிந்ததா, மரபணுவைக் கெடுத்து விளைந்த விகாரத்தைக் கொண்டு ஊகித்ததா, எழுத்து வரிசை மற்றொன்றை ஒத்திருப்பதால் கருதப்பட்டதா, ஓர் ஆசிரியர் சொன்னார் என்பதனால் ஏற்றுக்கொண்டதா, எந்த மனிதரும் பார்க்காமல் கணிப்பொறி தானே ஒட்டியதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. நம் தருக்க நூலார் காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று அளவைகளை வகுத்ததும், மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்வதும் நினைவுக்கு வருகின்றன. பிரத்தியட்சமும் அனுமானமும் ஒரே நிறையுடையவை அல்ல என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள், இவர்களும் அறிந்திருக்கிறார்கள். பத்தளவைகளுள் அபாவம் என்று ஒன்றுண்டு. இல்லாமையை இல்லாமையாகவே அறிதல் அது. ஜீன் ஆன்டாலஜியில் ‘இம்மரபணு இத்தொழிலைச் செய்வதில்லை’ என்று சோதித்தறிந்து எதிர்மறையாக எழுதவும் இடமுண்டு; ‘தேடிப் பார்த்தோம், இதுவரை ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதவும் வேறோர் அடையாளம் உண்டு. இல்லை என்று அறிவதும் அறியாமலிருப்பதும் வெவ்வேறு என்பதை இவ்வளவு நாணயமாகக் குறித்துவைக்கும் ஏடுகள் மனித சரித்திரத்தில் அதிகமிருப்பதாகத் தோன்றவில்லை. டெல்லியில் எழுதப்பட்ட 1973ஆம் ஆண்டுக் குறிப்பும் ஃப்ளைபேஸில் விங்லெஸ் மரபணுவின் ஆதாரங்களுள் ஒன்றாக இன்றும் இடம்பெற்றிருக்கிறது.

உயிரியலார் இவ்வேலையைத் தொடங்கிய அதே 1998இல், உலகளாவிய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்–லீ, ‘செமான்டிக் வெப்’ என்ற பொருளறி வலைக்கு ஒரு வழித்திட்டத்தை எழுதினார். அவர் முன்பு இணைத்தது ஏடுகளை. இப்போது இணைக்க விரும்பியது ஏடுகளுக்குள் இருக்கும் செய்திகளை. இதற்காக 1999இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஆர்.டி.எஃப். என்ற நியமத்தை வெளியிட்டது. அதன் சாரம் மிக எளிது: எந்தச் செய்தியையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்றுறுப்பு வாக்கியமாக எழுது, மூன்றுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத வலைமுகவரியைப் பெயராகக் கொடு. ஓர் ஊரில் எழுதிய வாக்கியத்தின் செயப்படுபொருள் வேறோர் ஊரில் எழுதிய வாக்கியத்தின் எழுவாயாக இருந்தால், இரண்டு வாக்கியங்களும் தாமாகவே கோத்துக்கொள்ளும். 2004இல் வகை, சினை, விலக்கு முதலியவற்றைத் தருக்க வடிவில் எழுதுவதற்கு அவுல் என்ற மொழி வந்தது. 2008இல் இவ்வாக்கியக் கடலைக் கேள்வி கேட்பதற்கு ஸ்பார்க்கிள் என்ற மொழி வந்தது. எளிய உரைக்கோப்புகளாகத் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜியும் காலப்போக்கில் அவுல் மொழியிலும் எழுதப்பட்டது.

பொருளறியாத இயந்திரத்தால் என்ன கேடு என்று கேட்பவர்கள், எக்செல் என்ற கணக்கேட்டு மென்பொருள் உயிரியலுக்குச் செய்ததை அறிய வேண்டும். செப்டம்பர் 2 என்பதன் சுருக்கத்தையும், மார்ச் 1 என்பதையும் ஒத்த பெயருடைய மனித மரபணுக்கள் சில உண்டு. பட்டியலில் அவற்றை எழுதியவுடன் அம்மென்பொருள் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். எழுத்தை மட்டும் காணும் இயந்திரத்துக்காக மனிதர் தம் சொல்லை மாற்றிக்கொண்டது வருந்தத்தக்கது. ‘இது மரபணு’ என்று இயந்திரத்துக்கு முன்னரே சொல்லியிருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திராது.

ஆனால் பொருளறி வலையாரின் கொள்கையிலும் ஒரு பலவீனம் இருந்தது. அது ‘ஒன்று’ என்ற சொல்லைப் பற்றியது. இந்த முகவரியும் அந்த முகவரியும் குறிப்பது ஒரே பொருளை என்று கூறுவதற்கு அவுல் மொழியில் ஒரு பயனிலை உண்டு. தருக்கப்படி அதன் ஆணை கடுமையானது: ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றொன்றுக்கும் எஞ்சாமல் பொருந்தியாக வேண்டும். தரவுகளை இணைக்க ஆசைப்பட்டவர்கள் இதைத் தாராளமாகப் பிரயோகித்தார்கள். ஒரு தளத்திலுள்ள மரபணுவின் பதிவையும் மற்றொரு தளத்தில் அம்மரபணு ஆக்கும் புரதத்தின் பதிவையும், பெயர் ஒன்றாயிருப்பதனால், ஒரே பொருள் என்று எழுதிவிட்டால், மரபணுவுக்கு எடையும் புரதத்துக்குக் குரோமோசோமில் இருப்பிடமும் உண்டாகிவிடும். விங்லெஸும் இன்ட்–1ம் ஒன்றா? வமிசத்தால் ஒன்று, அடிப்படைத் தொழிலால் ஒன்று, உடலால், விளைவால், இருக்கும் பிராணியால் வேறு. வாய்ப்பேச்சில் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். எழுதிவைத்து உலகத்தோடு பகிர்ந்துகொள்பவன் எந்த வகையில் ஒன்று என்று சொல்லக் கடமைப்பட்டவன். 2009இல் வெளிவந்த ஸ்காஸ் என்ற நியமம் முழு ஒப்பு, நெருங்கிய ஒப்பு, அதைவிட விரிந்தது, அதைவிடக் குறுகியது, வெறும் தொடர்புடையது என்று இந்த உறவைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தது. அது தருக்கத்தின் கம்பீரத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தது என்பது மெய். உண்மைக்கு அதிகம் நெருங்கி வந்தது என்பதும் மெய்.

2001இல் பெர்னர்ஸ்–லீயும் ஜேம்ஸ் ஹெண்ட்லரும் ஓரா லாசிலாவும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வரைந்து காட்டிய எதிர்காலத்தில், மென்பொருள் முகவர்கள் வலையெங்கும் சென்று, தாய்க்கு ஏற்ற வைத்தியரைத் தேடி, நேரம் குறித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் சொன்ன வடிவில் அது நிறைவேறவில்லை. முதலில் தருக்கத்தை வகுத்து, பிறகு அதற்குத் தேவை வருமென்று காத்திருந்த இடங்களில் பலன் சிறிதாகவே இருந்தது. உயிரியலில் நடந்ததுபோல், தேவை முன்னும் தருக்கம் பின்னுமாக வந்த இடங்களில் அது வேரூன்றியது. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கிதரவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிந்துவைத்திருக்கும் அந்தத் தளம், மரபணுவையும் புரதத்தையும் தனித்தனிப் பொருளாகவே வைத்திருக்கிறது. இது மெய் என்று சாதிக்காமல், இன்ன ஆதாரம் இவ்வாறு கூறுகிறது என்று மட்டும் குறிப்பதால், முரண்படும் இரண்டு கூற்றுகளுக்கும் அவரவர் சான்றோடு பக்கத்தில் இடம் தருகிறது. அதன் தரவை யாரும் எவ்வித நிபந்தனையுமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

பகிர்வதற்குச் செலவு யாருடையது என்ற கேள்வியை இனித் தவிர்க்க முடியாது. ஜீன் ஆன்டாலஜியில் இன்று ஏறத்தாழ 40,000 கருத்துகள் இருக்கின்றன. அவற்றோடு மரபணுக்களை இணைக்கும் குறிப்புகளுள் கணிப்பொறி ஒட்டியவை மிகுதியாயினும், அந்த ஒட்டுதலுக்கு ஆதாரமாக நிற்பவை மனிதர் ஆய்வுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து எழுதிய குறிப்புகளே. அந்தத் தொகுப்பாசிரியர்களின் உழைப்பு நம் உரையாசிரியர்களின் உழைப்பைப் போன்றது: மூலத்தைத் தாம் இயற்றாதவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் மூலம் பிறருக்கு விளங்காது. கண்டுபிடிப்புக்குப் பணம் கொடுக்கும் அரசுகள் இந்த உரைவேலைக்குப் பணம் கொடுக்கத் தயங்குகின்றன. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுக்களைத் தொகுத்து உலகுக்கு இலவசமாக வழங்கிவந்த அமெரிக்கத் தரவுத்தளம், அரசு நிதி நின்றுபோனபடியால், 2013இல் சந்தாவுக்கு மாற வேண்டியதாயிற்று. புதிய தரவு சந்தாதாரர்களுக்கு முதலிலும், ஓராண்டு கழிந்த பின்னரே மற்றவர்களுக்கும் கிடைக்கிறது. 2016இல் வெளியான ‘ஃபேர்’ கொள்கைகள், தரவானது தேடிக் கண்டடையத்தக்கதாகவும், எட்டத்தக்கதாகவும், பிற தரவோடு இணையத்தக்கதாகவும், மீண்டும் பயன்படுத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. பல நாடுகளின் நிதி நிறுவனங்கள் அதை ஆமோதிக்கின்றன. ஆமோதித்தால் மட்டும் போதாது; அவ்வேலையைச் செய்பவருக்குச் சம்பளம் வேண்டும், பதவி உயர்வைத் தீர்மானிக்கும் குழுக்கள் அதையும் ஆராய்ச்சி என்று எண்ணிக் கணக்கிட வேண்டும்.

ஜீன் ஆன்டாலஜியில் பிழை கண்டவர் எவராயினும், அவர் எந்த நாட்டவராயினும், அதன் பொது விவாதப் பக்கத்தில் எழுதித் திருத்தம் கோரலாம். இன்ன சொல் இன்ன சொல்லின் கீழே இருப்பது பொருந்தாது என்று காரணம் காட்டினால் அதை விவாதித்து முடிவு செய்கிறார்கள். நம் கல்லூரிகளில் உயிரியல் கற்கும் மாணவர்கள் தாம் படிக்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையையேனும் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மரபணுவுக்குரிய பதிவைத் தேடிப் பார்த்து, குறிப்பு சரியா, சான்று எது, விடுபட்டது என்ன என்று ஆராய்ந்து எழுத முன்வர வேண்டும்; அவர்களுடைய ஆசிரியர்கள் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.